சாட்பாட்டுக்கு யூனிட்டியைத் திறந்துவிட்டால்: ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட வேலை சின்னது. வீடியோ ஆட்டங்கள் உருவாக்கும் எஞ்சினான யூனிட்டி 6-ல் ஒரு புதிய ப்ராஜெக்ட்: ஒரு தரை, அதில் உருளும் ஒரு பந்து, சுற்றிலும் வட்டமாகச் சில காசுகள், மூலையில் மதிப்பெண். யூனிட்டி கற்க வரும் பலரும் ஆரம்பத்தில் செய்துபார்க்கிற பயிற்சிதான். ஒரே நிபந்தனை, எடிட்டரில் நாங்கள் கை வைக்கக் கூடாது. ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் சாட்பாட்டான கிளாடின் டெஸ்க்டாப் செயலியில் வேண்டியதைச் சொல்வோம். பொருள்களை வைப்பது, ஸ்கிரிப்ட் எழுதுவது, ப்ளே அழுத்துவது எல்லாம் உதவியாளரின் பாடு.

வேண்டுமென்றேதான் எளிய ஆட்டமாக எடுத்தோம். ஆட்டமே சிக்கலாக இருந்தால், எது உதவியாளருக்குப் பின்னால் இருக்கும் மொழி மாடலின் குறை, எது அதை யூனிட்டியோடு சேர்க்கும் இணைப்பின் குறை என்று பிரிக்க முடியாமல் போகும். இது மாடல் கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடிய ஆட்டம். அப்படியும் எங்கே இடறுகிறது என்பதுதான் கேள்வி. இடறிய இடங்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே வகை. செய்யச் சொன்னதை எடிட்டர் செய்துவிடுகிறது. செய்ததன் விளைவு என்ன என்பது உதவியாளருக்குப் போய்ச் சேருவதில்லை.

நடுவில் என்ன இருக்கிறது

இந்த மாதிரி இணைப்புகள் இவ்வளவு பெருகியதற்குக் காரணம் ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகால், சுருக்கமாக எம்.சி.பி. அதற்கு முன்பு ஒவ்வொரு சாட் செயலிக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி ஒட்டுவேலை செய்ய வேண்டியிருந்தது. எந்த எடிட்டரும் எந்த நிரல்மொழிக் கருவியோடும் ஒரே முறையில் பேச வழிசெய்த லாங்குவேஜ் சர்வர் ப்ரோட்டோகால் கோட் எடிட்டர்களுக்குச் செய்த உதவியை இது சாட் உதவியாளர்களுக்குச் செய்தது. 2025 மார்ச்சில் ஓப்பன்ஏஐ-யும் இதை ஏற்பதாக அறிவித்தது. அதே மாதம் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளான பிளெண்டருக்கு ஒரு எம்.சி.பி. இணைப்பு வந்து பரவலாகப் பேசப்பட்டது. ஆட்ட எஞ்சின்களான யூனிட்டி, கோடோ, அன்ரியல் மூன்றுக்கும் தன்னார்வலர்கள் எழுதிய இணைப்புகள் வரிசையாக வந்தன.

யூனிட்டி இணைப்பில் மூன்று துண்டுகள். முதலாவது சாட் செயலி. இரண்டாவது, நம் கணினியிலேயே ஓடும் ஒரு சின்ன சர்வர். பைத்தானில் எழுதியதும் உண்டு, நோட் ஜேஎஸ்-ல் எழுதியதும் உண்டு. மூன்றாவது, யூனிட்டி எடிட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் சி ஷார்ப் பேக்கேஜ். செயலியும் சர்வரும் ஜேசான் ஆர்.பி.சி. என்கிற செய்தி வடிவில் பேசிக்கொள்கின்றன. சர்வரும் எடிட்டரும் லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே கணினிக்குள், ஒரு சாக்கெட் (இரண்டு நிரல்கள் பேசிக்கொள்ளும் வாய்க்கால்) வழியாகப் பேசிக்கொள்கின்றன. என்னென்ன கருவிகள் இருக்கின்றன என்று சர்வர் பட்டியல் கொடுக்கும்: சீனைக் (பொருள்கள் வைக்கப்படும் காட்சியைக்) கையாள, பொருளைக் கையாள, ஸ்கிரிப்ட் எழுத, பிழைச் செய்திகள் வரும் கன்சோலைப் படிக்க, மெனுவை இயக்க என்று. மாடல் அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்து, தேவையான விவரங்களை நிரப்பி அனுப்பும். செயலி நம்மிடம் அனுமதி கேட்கும். சரி என்றால் வேலை நடக்கும்.

சர்வரை நீங்களே எழுதுவதாக இருந்தால் முதல் அரை மணி நேரத்தில் மாட்டக்கூடிய பொறி ஒன்று உண்டு. செயலியும் சர்வரும் ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட் வழியாகப் பேசும்போது, கோளாறு தேட என்று ஒரு ப்ரின்ட் வரி போட்டால் போதும், அந்த வரியும் செய்திகளோடு கலந்து உரையாடலே உடைந்துவிடும். லாக் எல்லாம் ஸ்டாண்டர்ட் எரர் பக்கம்தான் போக வேண்டும்.

எடிட்டர் காணாமல் போகும் சில நொடிகள்

யூனிட்டியின் ஏ.பி.ஐ.-களில் (நிரலிலிருந்து அழைக்கும் செயல்களில்) பெரும்பாலானவற்றை மெயின் த்ரெட்டிலிருந்து (முதன்மைச் செயலோட்டத்திலிருந்து) மட்டுமே அழைக்க முடியும். சாக்கெட்டைக் கேட்டுக்கொண்டிருப்பதோ வேறொரு த்ரெட். அதனால் வந்த கட்டளையை ஒரு வரிசையில் போட்டுவைத்து, எடிட்டரின் அப்டேட் நிகழ்வு வரும்போது ஒவ்வொன்றாக எடுத்துச் செய்ய வேண்டும். தரமான இணைப்புகள் இதைச் சரியாகவே செய்கின்றன. இது அடிப்படை, இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையான தலைவலி டொமைன் ரீலோட். புதிதாக ஒரு சி ஷார்ப் கோப்பு வந்தால் யூனிட்டி அதைத் தொகுக்கும். தொகுத்து முடித்ததும் எடிட்டருக்குள் ஓடிக்கொண்டிருந்த சி ஷார்ப் உலகம் முழுவதையும் கலைத்துவிட்டுப் புதிதாக ஏற்றும். இணைப்புப் பேக்கேஜும் அந்த உலகத்தில்தான் இருக்கிறது. ஸ்டாட்டிக் மாறிகள் எல்லாம் போய்விடும், சாக்கெட் மூடிவிடும். இதன் பொருள் என்ன? "பந்தை நகர்த்தும் ஸ்கிரிப்ட் எழுது" என்ற கட்டளை வெற்றிகரமாக நிறைவேறும் அதே கணத்தில், அதை நிறைவேற்றியவர் மறைந்துவிடுகிறார். சர்வருக்குத் தெரிவதெல்லாம் தொடர்பு அறுந்துவிட்டது என்பது மட்டும்தான்.

உதவியாளர் இதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டது. மறுபடியும் எழுதியது, இந்த முறை வேறு கோப்புப் பெயரில், அதே கிளாஸ் பெயரோடு. இப்போது ஒரே பெயரில் இரண்டு கிளாஸ்கள்; தொகுப்புப் பிழை. அந்தப் பிழையால் பந்தில் அந்த ஸ்கிரிப்டைக் காம்பொனென்ட்டாக (பொருளின் ஒரு அங்கமாக) ஒட்ட முடியவில்லை. ஒட்ட முடியாததால் கிளாஸ் இல்லை என்று நினைத்து மூன்றாவது கோப்பு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மாடலுக்குப் புத்தி கலங்கிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அதற்குக் கிடைத்த தகவலை வைத்துப் பார்த்தால் அது செய்த ஒவ்வொன்றும் நியாயமானதே. தவறான செய்தி கொடுத்தது இணைப்பு.

தீர்வு பேக்கேஜுக்குள் இருக்கிறது. ரீலோடுக்கு முன்பும் பின்பும் யூனிட்டி தனித்தனி நிகழ்வுகளை எழுப்புகிறது. முன்பு வரும்போது நிலுவையில் இருக்கும் வேலையை யூனிட்டியின் செஷன்ஸ்டேட் என்ற சேமிப்பில் குறித்துவைக்க வேண்டும். அது ரீலோடையும் தாண்டி நிற்கும். பின்பு வரும்போது சாக்கெட்டைத் திறந்து, குறித்துவைத்ததைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். சர்வர் பக்கத்தில், தொடர்பு அறுந்ததும் பிழை என்று கத்தாமல் சற்றுக் காத்திருந்து மீண்டும் இணைய வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதும் கருவி "எழுதிவிட்டேன்" என்பதோடு நிற்காமல், தொகுப்பு முடியும்வரை இருந்து, பிழை இருந்தால் அந்த வரியோடு திருப்பித் தர வேண்டும். இந்த மாற்றத்துக்குப் பிறகு அதே மாடல், அதே கட்டளை, நகல் கோப்புகள் நின்றன. கருவிகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக்கொண்டே போகிற இணைப்புகள் பல இந்த ஒரு இடத்தில் கோட்டை விடுகின்றன என்பது என் கருத்து.

ப்ளே அழுத்தினாலும் இதே கதை. அமைப்பில் அணைத்துவைக்காவிட்டால் ப்ளே மோடுக்குள் நுழையும்போதும் டொமைன் ரீலோட் நடக்கும். கூடவே இன்னொன்று: ப்ளே மோடில் சீனில் செய்யும் மாற்றங்கள் நிறுத்தியவுடன் மறைந்துவிடும். யூனிட்டியில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் இப்படி உழைப்பு வீணான ஒரு சோகக்கதை சொல்வார்கள். உதவியாளரும் அதில் விழுந்தது. ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே காசுகளை அழகாக அடுக்கியது, நிறுத்தியது, பிறகு காசுகள் எங்கே என்று தேடியது. இப்போது ஒவ்வொரு பதிலிலும் எடிட்டர் எந்த மோடில் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து அனுப்புகிறோம்.

பிழை இல்லை, ஆனால் பந்து நகரவில்லை

மாடல்கள் படித்த யூனிட்டி கோடில் பெரும்பகுதி பழையது. யூனிட்டி 6-ல், பொருளுக்கு இயற்பியலைத் தரும் ரிஜிட்பாடியின் வெலாசிட்டி, லீனியர்வெலாசிட்டி ஆகிவிட்டது. ட்ராக், லீனியர்டேம்பிங் ஆகிவிட்டது. உதவியாளர் பழைய பெயரைத்தான் எழுதும். இது பெரிய விஷயமில்லை. தொகுக்கும்போது எச்சரிக்கை வரும், புதிய பெயர் என்ன என்று அதிலேயே இருக்கும், மாடல் உடனே திருத்திக்கொள்ளும்.

தொகுக்கும்போது தெரியாத தவறுதான் சங்கடம். விசைகளைப் படிக்க இன்புட் கிளாஸின் கெட்ஆக்ஸிஸை அழைத்து எழுதியது. ஆண்டுக்கணக்காக எல்லாப் பயிற்சிகளிலும் இருக்கும் வரி. எங்கள் ப்ராஜெக்டில் புதிய இன்புட் சிஸ்டம் மட்டுமே இயக்கத்தில் இருந்தது. அந்த வரி பிழையில்லாமல் தொகுக்கப்படும். ஓடும்போதுதான் எக்ஸப்ஷன் எறியும், அதுவும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒருமுறை. தொகுப்பு சுத்தம் என்று பார்த்துவிட்டு உதவியாளர் "முடிந்தது, அம்புக்குறி விசைகளால் பந்தை நகர்த்தலாம்" என்று அறிவித்தது. பந்து அசையவில்லை. கன்சோல் சிவப்பாக நிரம்பிக்கொண்டிருந்தது.

கன்சோலைப் படிக்கும் கருவி அதனிடம் இருந்தது. படிக்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். எனவே ப்ளே அழுத்தும் கருவியையே மாற்றினோம்: அழுத்தியபின் சில நொடிகள் ஓடவிட்டு, அதற்குள் வந்த பிழைகளையும் சேர்த்தே பதிலாகத் தரும்படி. ஒரே பிழை நூறு முறை வந்தால் ஒருமுறை காட்டி, பக்கத்தில் எண்ணிக்கை. இல்லாவிட்டால் அந்த ஒரே வரி உரையாடலின் இடத்தையெல்லாம் தின்றுவிடும். விளைவு உடனே தெரிந்தது; எக்ஸப்ஷனைப் பார்த்ததும் எங்களிடம் கேட்காமலேயே புதிய இன்புட் சிஸ்டத்துக்கு மாற்றி எழுதியது.

அடுத்து காசுகள். உருளை வடிவத்தை எடுத்து, தட்டையாக்கி, வட்டத்தில் வைத்தது. சைன், கொசைன் கணக்கு பிசகில்லை. ஆனால் பந்து அருகே போவதற்கு முன்பே காசு மறைந்தது. யூனிட்டியின் உருளைக்கு இயல்பாக வருவது கேப்ஸ்யூல் கொலைடர், அதாவது மோதலைக் கணிக்கும் கேப்ஸ்யூல் வடிவ எல்லை. உருளையைக் காசு மாதிரி தட்டையாக்கினால் கேப்ஸ்யூலின் உயரம் அதன் அகலத்தைவிடச் சிறிதாகி, அது வெறும் உருண்டையாகிவிடும். ஆக, ஒவ்வொரு காசையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய குமிழி. பொருளின் விவரங்களைக் கேட்டால் கேப்ஸ்யூல் கொலைடர் என்று பட்டியலிலேயே இருக்கும். கேட்டால்தானே? "காசு சீக்கிரம் மறைகிறது" என்று நாங்கள் சொன்ன பிறகே போய்ப் பார்த்தது. பார்த்த அடுத்த கணம் காரணத்தைச் சரியாகச் சொன்னது.

பெயர்களிலும் ஒரு சிக்கல் வந்தது. எல்லாக் காசுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தது. பெயரால் தேடினால் யூனிட்டி ஏதோ ஒன்றைத் தரும். இயக்கத்தில் இல்லாத பொருளைத் தரவே தராது. ஒரு காசின் நிறத்தை மாற்றச் சொன்னால் வேறொன்று மாறும். ஒவ்வொரு பொருளுக்கும் யூனிட்டி தரும் தனி எண்ணான இன்ஸ்டன்ஸ் ஐடி-யால் சுட்டச் சொல்லிவிட்டால் இது தீர்ந்துவிடும். எடிட்டரை மூடித் திறந்தால் அந்த எண்கள் மாறிவிடும் என்பதை மட்டும் மாடலுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

மெஜந்தா நிறம்

தங்க நிறத்தில் ஒரு மெட்டீரியல் செய்யச் சொன்னோம். ஸ்டாண்டர்ட் ஷேடரைப் (பரப்பைத் திரையில் வரையும் நிரலைப்) போட்டு, நிறத்தை மஞ்சளாக்கி, காசுகளில் ஒட்டியது. திருப்பிப் படித்துப் பார்த்தது: ஷேடர் இருக்கிறது, நிறம் மஞ்சள். கன்சோலில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. திரையில் எல்லாக் காசும் பளீரென்ற மெஜந்தாவில்.

ப்ராஜெக்ட் யூ.ஆர்.பி. என்கிற ரெண்டர் பைப்லைனில் (காட்சியைத் திரையில் வரையும் முறையில்) இருந்தது. பழைய ஸ்டாண்டர்ட் ஷேடர் அங்கே வேலை செய்யாது. யூனிட்டி தெரிந்தவருக்கு மெஜந்தாவைப் பார்த்த நொடியே காரணம் புரியும். மாடலுக்கும் புரியும், பார்த்தால். ஆகவே கேம் வியூவைப் படமாக எடுத்து அனுப்பும் கருவி ஒன்று சேர்த்தோம். ஒவ்வொரு முறையும் படம் அனுப்புவது கட்டுப்படியாகாது. கிளாடில் ஒரு படத்தின் டோக்கன் (மாடல் படிப்பதை அளக்கும் அலகு) எண்ணிக்கை தோராயமாக அகலம் பெருக்கல் உயரம், வகுத்தல் 750. ஆயிரத்துச் சொச்சம் பிக்சல் அகலப் படத்துக்கே ஆயிரம் டோக்கன் போய்விடும். மெட்டீரியல், ஒளி, கேமரா, யூஐ இவற்றைத் தொட்டால் மட்டும் ஒரு சின்னப் படம் என்று வரம்பு வைத்தோம்.

சீனின் முழுப் பட்டியலைக் கேட்பதும் இதே செலவுதான். எங்கள் சீனில் பொருள்கள் குறைவு, தெரியவில்லை. உண்மையான ஒரு ஆட்டத்தின் சீனில் ஆயிரக்கணக்கான பொருள்கள் இருக்கும். அதை அப்படியே ஜேசானாகக் கொட்டினால் உரையாடல் அங்கேயே முடிந்தது. முதலில் மேல்மட்டப் பெயர்கள், கேட்டால் அதற்குக் கீழே, பக்கம் பக்கமாக. சலிப்பான வேலை, ஆனால் இல்லாமல் முடியாது.

திரும்பப் பெற முடியாதவை

பொருளை உருவாக்கும் ஒவ்வொரு செயலும் யூனிட்டியின் அன்டூவில் பதிவாக வேண்டும். ஒரு கட்டளைக்கு நடந்த இருபது மாற்றங்களை ஒரே தொகுதியாக மடித்துவைத்தால் ஒரு கன்ட்ரோல் இசட் போதும். பதிவு செய்யாத இணைப்புகளும் புழங்குகின்றன. நிறுவும் முன் இதைச் சோதித்துப் பாருங்கள்.

கோப்புகளை அன்டூ காப்பாற்றாது. யூனிட்டியில் ஒவ்வொரு அசெட்டுக்கும் பக்கத்தில் ஒரு மெட்டா கோப்பு இருக்கும், அதில் ஒரு ஜியூஐடி. சீனும் ப்ரீஃபேபும் (மறுபடி மறுபடி பயன்படுத்தும் வார்ப்புப் பொருளும்) அந்த எண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கின்றன, கோப்பின் பெயரை அல்ல. டெர்மினல் அனுமதி உள்ள உதவியாளர் ஸ்கிரிப்டை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி மெட்டாவை விட்டுவிட்டு வந்தால், யூனிட்டி புது எண் கொடுக்கும். சீன் முழுக்க "மிஸ்ஸிங் ஸ்கிரிப்ட்". அசெட் நகர்த்தல் எடிட்டர் வழியாக மட்டுமே என்று கட்டுப்படுத்தினோம். ஒவ்வொரு பெரிய கட்டளைக்கு முன்பும் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் கிட்-டில் ஒரு கமிட். அழிக்கும் கருவிக்கும், எந்த கோடையும் அப்படியே ஓட்டும் கருவிக்கும் "எப்போதும் அனுமதி" கொடுக்கவே இல்லை. இறக்கிய ஒரு அசெட் பேக்கேஜின் குறிப்புக் கோப்பில் யாராவது மாடலுக்கென்று ஒரு கட்டளையை ஒளித்துவைத்தாலும் அது படிக்கத்தானே செய்யும்.

வேறு எஞ்சினாக இருந்தால்

கோடோவில் இந்தக் கதையின் பாதி இல்லை. சீன் கோப்புகள் எளிய டெக்ஸ்ட். திரையில்லாமல் கட்டளை வரியிலிருந்தே எஞ்சினை ஓட்டலாம். அதன் நிரல்மொழியான ஜிடிஸ்கிரிப்டுக்கு டொமைன் ரீலோட் கிடையாது. அங்கே தொல்லை வேறு: 2023 மார்ச்சில் வந்த கோடோ 4, பெயர்களை மொத்தமாக மாற்றியது. கைனமேட்டிக்பாடி2டி, கேரக்டர்பாடி2டி ஆனது. யீல்ட், அவெய்ட் ஆனது. மாடல் இரண்டையும் ஒரே கோப்பில் கலந்து எழுதும். அன்ரியலில் புளூபிரின்ட்கள் (படமாக இணைத்து எழுதும் நிரல்கள்) பைனரி கோப்புகளுக்குள் இருப்பதால் டெக்ஸ்டாகத் திறந்து திருத்தவே வழியில்லை. எடிட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

யூனிட்டியே 6.2 பதிப்பில் எடிட்டருக்குள் தன் சொந்த உதவியாளரைக் கொண்டுவந்திருக்கிறது. அப்படியானால் வெளி இணைப்பு எதற்கு? மாடலை நாமே தேர்ந்தெடுக்கலாம், கருவியின் பதிலை நம் வசதிக்கு மாற்றலாம். மேலே சொன்ன திருத்தங்கள் எல்லாமே பதிலை மாற்றியதால் வந்தவை. திறந்த மூலம் இல்லாத ஒன்றில் அதைச் செய்ய முடியாது. எம்.சி.பி.-யும் 2025 டிசம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் போய்விட்டதால், ஒரு நிறுவனம் மனம் மாறினால் என்ன ஆகும் என்ற கவலை குறைந்திருக்கிறது.

எது லாபம் என்று கேட்டால், அலுப்பான எடிட்டர் வேலைதான். நாற்பது பொருளுக்குப் பெயர் மாற்றுவது, எல்லாவற்றுக்கும் கொலைடர் மாற்றுவது, கன்சோல் பிழையிலிருந்து காரணமான காம்பொனென்ட்டைக் கண்டுபிடிப்பது. பந்து எவ்வளவு கனமாக உருள வேண்டும், கேமரா எவ்வளவு தாமதமாகத் தொடர வேண்டும் என்பதை அதனிடம் கேட்பது வீண். எண் கொடுக்கும், விளையாடிப் பார்த்துவிட்டுத் தருகிற எண் அல்ல அது.

மதிப்பெண்

கடைசியாக, மூலையில் "மதிப்பெண்: 0" என்று தமிழில் எழுதச் சொன்னோம். யூனிட்டியின் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் எழுதியது. இயல்பான லிபரேஷன் சான்ஸ் எழுத்துருவில் தமிழ் கிடையாது; திரையில் கட்டங்கள், கன்சோலில் எழுத்து கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கை. அதைப் படித்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தது. எச்சரிக்கை நின்றது. பொருளைத் திருப்பிப் படித்தால் சொல் சரியாக இருந்தது. படமும் எடுத்துப் பார்த்தது. "மதிப்பெண் சரியாகத் தெரிகிறது" என்றது.

தெரியவில்லை. யூனிகோடில் பகரம் முதலில், ஒற்றைக்கொம்பு அதற்குப் பிறகு என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை இடப்பக்கம் நகர்த்துவது திரையில் எழுத்தை அமைக்கும் மென்பொருளின் வேலை. டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ அதைச் செய்வதில்லை. கொம்பு பகரத்தைத் தாண்டிப் போய் ணகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கன்சோல் சரி, பட்டியல் சரி, படம் தவறு, படத்தைப் பார்த்த மாடலுக்கும் தவறு தெரியவில்லை. தமிழ் படிக்கும் யாருக்கும் அது உடனே உறுத்தும்.

விஷயத்தைச் சொன்னதும், காட்டும் முன் கொம்புகளை முன்னால் நகர்த்தும் ஒரு சின்ன சி ஷார்ப் ஃபங்ஷனை எழுதிக் கொடுத்தது. இந்தச் சொல்லுக்கு அது போதும். கு, மு, டூ போன்ற வடிவங்கள் வந்தால் அங்கே வேறு தொல்லை, எனவே அதை வைத்துக்கொள்ளவில்லை. யூனிட்டியின் இன்னொரு இடைமுகக் கருவியான யூஐ டூல்கிட்டில், ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்பு நூலகத்தைக் கொண்டு எழுத்தமைக்கும் அட்வான்ஸ்டு டெக்ஸ்ட் ஜெனரேட்டரை இயக்கி, மதிப்பெண்ணை அங்கே மாற்றினோம். கோடோ 4-ல் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருப்பதால் இந்தப் பிரச்சினை அங்கே எழாது. ப்ராஜெக்டில் உதவியாளருக்கென்று வைத்திருக்கும் குறிப்புக் கோப்பில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: திரையில் வரும் தமிழை நீ சரிபார்க்காதே, படம் எடுத்துக் காட்டிவிட்டு நில்.